24 மணி நேரச் சூடு

மே மாதக் கீழ்க்கட்டளையில் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும். அப்படிப்பட்ட ஊரில் 24 மணி நேரம் சூடு காக்கும் பிளாஸ்க் இல்லாமல் எப்படி வாழ்வது? 1892-இல் ஜேம்ஸ் டியூவர் இதைச் செய்தது, கடுங்குளிர்த் திரவங்களின் குளிர் போகாமல் காக்க. பாவம், அவர் நம் காபியைக் கண்டதில்லை.

கண்ணாடி உடையும் என்று எவர்சில்வரே வாங்கினேன். இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். மூடியின் ரப்பர் வளையத்தை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. வாசலிலேயே டீக்கடை. அதனாலென்ன, முன்னெச்சரிக்கை!

காலை ஏழுக்கு ஊற்றியது. ரேடியல் சாலை நெரிசலைத் தாண்டி, பதினொன்றுக்குத் திறந்தால் அதே கொதி. உதட்டில் வைக்க முடியவில்லை.

இப்போது, நீடித்து உழைக்கும் டவரா எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றிக் குடிக்க.