ஸ்டிரிப் முதலாளிமாருக்கு ஒரு வாழ்த்து

லாஸ் வேகஸ் ஸ்டிரிப் சாலையின் சூதாட்ட விடுதி முதலாளிமாரே, 1950களில் நீங்கள் காட்டிய விருந்தோம்பலுக்கு ஈடு சொல்ல இந்த உலகில் யார் இருக்கிறார்கள்?

நாட் கிங் கோலையும் சாமி டேவிஸையும் மேடையேற்றி அழகு பார்த்தீர்கள். பாடி முடித்தவர்கள் முன்வாசல் நெரிசலில் இடிபடலாமா? சமையலறைப் பக்கமாக அனுப்பிவைத்தீர்கள். உங்கள் மெத்தையில் படுத்தால் அவர்களுக்கு உறக்கம் வராதென்று, கறுப்பர்கள் வாழ்ந்த வெஸ்ட்சைடுக்குப் போய் வாடகை அறை தேடிக்கொள்ளச் சொன்னீர்கள். கறுப்பர் எவரையும் உங்கள் சூதாட்ட மேசைப் பக்கம் அண்டவிடவில்லை. அவர்கள் காசு பறிபோகாமல் காத்த புண்ணியம் உங்களையே சேரும்.

இத்தனை கருணைக்கு நடுவே, 1955 மே 24 அன்று பொனான்சா சாலையில் மூலான் ரூஷ் திறந்தது. 110 அறைகள் கொண்ட சிறிய விடுதி. ஸ்டிரிப்பில்கூட இல்லை. யார் வந்தாலும் அறை கொடுத்தார்கள், யார் உட்கார்ந்தாலும் சீட்டுப் போட்டார்கள். குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்த ஜோ லூயி கைகுலுக்கி வரவேற்றார். அதிகாலை 2.30க்கு மூன்றாவது காட்சி வேறு! உங்கள் மேடைகளில் வேலை முடித்த கலைஞர்களும், உங்கள் மேசைகளில் இருந்திருக்க வேண்டிய வெள்ளைக்கார வாடிக்கையாளர்களும் அங்கே போய் ஒன்றாக உட்கார்ந்து விடிய விடியச் சிரித்தார்கள். மனிதனுக்குப் பக்கத்தில் மனிதன் உட்காரும் அந்த அநாகரிகத்தை உங்கள் கூடத்துக்குள் நுழையவிடாத உங்கள் உறுதியை என்னவென்று புகழ்வது! ஜூன் மாதமே அந்த விடுதியின் நடனப் பெண்கள் லைஃப் இதழின் அட்டையில் வந்தபோதும் நீங்கள் அசையவில்லை.

நவம்பருக்குள் மூலான் ரூஷ் மூடப்பட்டது. கடன் கழுத்தை நெரித்தது என்றார்கள், நிர்வாகம் சரியில்லை என்றார்கள், ரிவியேரா, டியூன்ஸ் என்று அந்த ஆண்டில் அடுத்தடுத்துத் திறந்த பெரிய விடுதிகளோடு போட்டி போட முடியவில்லை என்றார்கள். கூட்டம் எப்படிக் கூடும் என்று அந்தச் சின்ன விடுதி உங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் போனது. அதைப் பார்த்தும் பேராசைப்படாமல், வரத் தயாராக இருந்த பாதி விருந்தினரை வேண்டாமென்று ஒதுக்கிய துறவிகளல்லவா நீங்கள்!

1959இல் ஊர் எல்லையில் அந்தப் புகழ்பெற்ற வரவேற்புப் பலகை எழுந்தது. வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ். மூலான் ரூஷின் பெயர்ப்பலகையும் அவர் கைவண்ணம்தான். ஒன்றின்கீழ் யார் வந்தாலும் அறை கிடைத்தது, அந்த விடுதி ஆறு மாதத்தில் படுத்தது. மற்றது ஊருக்கெல்லாம் நல்வரவு கூறியது, அதன்கீழ் வந்த கறுப்பருக்கு ஸ்டிரிப்பில் படுக்க ஓர் அறை கிடையாது. எது நிலைக்கும் என்று உங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

1960இல் கறுப்பர் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவரான பல்மருத்துவர் ஜேம்ஸ் மெக்மில்லன், ஸ்டிரிப்பில் ஊர்வலம் நடத்துவோம் என்று அறிவித்தார். உடனே உங்கள் நெஞ்சம் இளகிவிட்டது. மார்ச் 26 அன்று கதவைத் திறக்க உடன்பட்டீர்கள். ஊர்வலத்தைக் கண்டு சுற்றுலாப் பயணிகள் ஓடிவிட்டால் வருமானம் என்னாகும் என்ற கணக்கு துளியும் கலவாத தூய இரக்கம் அது. அந்த உடன்பாட்டுக் கூட்டம் நடந்த இடம் அதே மூலான் ரூஷ்.

1992இல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 2003இல் எரிந்தது. எஞ்சிய சுவர்களும் 2010இல் தரைமட்டமாயின. பெயர்ப்பலகையின் எழுத்துகள் மட்டும் உங்கள் ஊர் நியான் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. டிக்கெட் வாங்கினால் எந்த நிறத்தவரும் பார்க்கலாம்.