அத்தை மாறிலி: அலாய் வீல் பொருத்தம் குறித்து வீரபாண்டியிலிருந்து ஓர் ஆய்வு

இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்பது மேல்நாட்டு அறிஞர் கொள்கை. வீரபாண்டி மரபு வேறு. பின்கண்ணாடியில் ‘அம்மன் துணை’ ஒட்டி, கறுப்பு அலாய் மாட்டிய ஸ்விஃப்ட் எதுவானாலும் இங்கே ஸ்போர்ட்ஸ் கார்தான். வண்டிகளை வகைபிரிக்கக் கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாட்டு வண்டிப் பந்தயத்தையே தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் என்று பிரித்து வைத்திருக்கும் பக்கம் இது.

ஆய்வுக்குரிய கேள்வி ஒன்றே: டயரின் வெளிமுகம் மட்கார்டு விளிம்போடு ஒட்டினாற்போல் நிற்பது எப்படி? தொன்னூல்களைப் புரட்டினோம். வள்ளுவர் 667ஆம் குறளில் தேரின் அச்சாணி வரை வந்துவிட்டு, ஆஃப்செட்டைத் தொடாமல் போய்விட்டார். எனவே கணக்கை நாமே போட வேண்டியதாயிற்று.

185/65 ஆர்15 டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு; ரிம் 15 அங்குலம். கூட்டினால் மொத்த உயரம் 621.5 மி.மீ. 195/55 ஆர்16 போட்டால் 620.9. ரிம் ஒரு அங்குலம் பெருத்தும் உயரம் அரை மில்லிமீட்டர்தான் குறைகிறது, ஸ்பீடாமீட்டருக்குக்கூடத் தெரியாது. வம்பு அகலத்தில்தான். ஐந்தரை அங்குல ரிம்மைக் கழற்றி ஏழு அங்குலம் மாட்டினால் இருபுறமும் 19 மி.மீ. கூடும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரமான ஆஃப்செட்டை 45 மி.மீ.இலிருந்து 35க்கு இறக்கினால் சக்கரம் மேலும் 10 மி.மீ. வெளியே வரும். ஆக வெளிப்பக்கம் 29, உட்பக்கம் 9. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இத்தகைய ஆசைகளுக்குக் கடிவாளம் போடுகிறது என்பதை ஆய்வு நெறிப்படி இங்கே பதிவு செய்து, மேலே செல்கிறோம்.

இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு. டேப் வைத்து அளப்போர் ஒரு பள்ளி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டு, “ஒரு வெரலு போகுது மாப்ள, போதும்” என்போர் மற்றொன்று. யாருடைய விரல் என்று இரண்டாம் பள்ளி இன்றுவரை வரையறுக்கவில்லை. ஆனால் இரு பள்ளியுமே காலி வண்டியைத்தான் அளக்கின்றன. பிழை அங்கேதான்.

சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். அதற்குத் தேனியிலிருந்து வரும் ஒரு ஸ்விஃப்ட்டின் பின்சீட்டில் அத்தை, அத்தையின் மகள், அவள் பிள்ளைகள் இருவர். டிக்கியில் தீச்சட்டி, மாவிளக்குத் தூக்கு, வெங்கலப் பானை, ஒரு சிப்பம் அரிசி. ஸ்விஃப்ட்டின் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டம் பிணைத்திருக்கிறது. சுமை ஏறி இருபுறமும் ஒன்றாக அமுங்கும்போது சக்கரம் உள்ளே சாய்ந்து ஒதுங்காது. நேரே மேலே ஏறும். சில விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரம் மேலேறும்போதே உள்ளே சாய்ந்து தப்பிக்கொள்ளும்; அவற்றின் பின்சீட்டில் அத்தைகளுக்கு இடமும் கிடையாது. நம் வண்டியோ முதல் வேகத்தடையிலேயே ‘கர்ர்ர்’ என்கிறது. மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவி, கறுப்புத் துருவலாய் உதிர்க்கிறது.

“என்னப்பா சத்தம்?”

“ரோடு சரியில்ல அத்தை.”

காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் இடையே பின்பக்கம் அமுங்கும் இந்த உயரத்தையே ‘அத்தை மாறிலி’ என்று முன்மொழிகிறோம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டியில் இது இன்னும் கொடிது. அமுங்க இருந்த இடத்தைப் பட்டறையிலேயே தின்றாகிவிட்டது. அலாய் வாங்கப் போகிறவர் விரலை விடுமுன் குடும்பத்தை ஏற்றிக்கொள்வது உத்தமம்.

முன்சக்கரக் கணக்கு தனி. அவை மேலும் கீழும் போவதோடு திரும்பவும் வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாய் ஒடித்தால் கூடுதலான அந்த 9 மி.மீ. உள்ளே எதையாவது தேடும். இதைச் சோதிக்க அத்தையை முன்சீட்டில் அமர்த்திக் கோயில் வளைவில் வண்டியைத் திருப்ப வேண்டும். கேட்டுப் பார்த்தோம். ஏசி மூஞ்சியில் அடிக்கும், முன்சீட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார்.