மல்லிக்கு மொட்டை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு மொட்டைகள் உண்டு. ஒன்று மாடி. மற்றது, சாயங்காலம் அங்கே காற்று வாங்கப் போகும் நான். போன மாசியில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: என் மனைவியின் குண்டுமல்லி.

வீடு செங்கம் சாலைக்குப் பின்பக்கம், ரமணாசிரமத்துக்கு நடந்தே போகிற தூரம். ஆசிரமத்து மயில் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து கத்தும். இந்தப் பக்கம் மாடி போர்ஷன் வைத்திருப்பவர்களுக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் அறுவடை. வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார வருவார்கள். அவர்கள் தரும் வாடகையை நாங்கள் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு எண்ணுவோம்.

இந்த முறை வந்தவர் ஒரு கனடாக்காரர். காலையில் கிரிவலம், மாலையில் தியானம், நடுவில் என் மனைவியின் தயிர்சாதம். நல்ல மனிதர். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது மாடியில் நின்று மல்லியைப் பார்த்து உச்சுக் கொட்டினார். இலை அதிகமாம். அவர் ஊரில் நிலவறையில் விளக்குப் போட்டுச் செடி வளர்க்கிறாராம். பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு என்று வைத்தால் செடி பூவுக்குத் திரும்புமாம். அப்போது அகல இலைகளையெல்லாம் உருவிவிட வேண்டும். இருபது நாள் கழித்து இன்னொரு தடவை உருவ வேண்டும். வெளிச்சம் அடி மொட்டு வரை இறங்கி, பூ கட்டை கட்டையாகத் திரளுமாம். தன் செடியின் படம் ஒன்றையும் கைபேசிக்கு அனுப்பினார். விரல் விரித்த கை மாதிரி இலை. என்ன செடி என்று நான் கேட்கவில்லை. குளிர்ப் பிரதேசத்து ஆமணக்கு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

இங்கே ஒரு குற்ற ஒப்புதல். மல்லிக்குக் கவாத்து பண்ண வேண்டிய காலம் கார்த்திகை. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே வெட்டச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. "முழங்கால் உசரம் விட்டு நறுக்குங்க" என்பது வீட்டுப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. இரண்டும் ஒன்றுதான். நான்தான் தீபத்துக்கு வந்த பதினான்கு உறவினர்களைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டேன். பிறகு பொங்கல். பிறகு குளிர். மாசியில் செடி என்னை நம்பாமல் தானே மொட்டு வைத்துவிட்டது. நுனிக்கு நுனி மும்மூன்றாக, ஊறவைத்த அரிசி மாதிரி.

மனைவி வேலூர் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பழைய பாக்கியைத் தீர்க்கும் வேகத்தில் நான் மாடியேறினேன்.

மல்லி இலை எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். மேல்நோக்கி நெம்பினால் 'டிக்' என்று காம்போடு ஒடியும். கீழ்நோக்கி இழுத்தால் ஒரு நூல் பட்டையும் சேர்ந்து உரிந்து வரும். அந்த இடத்தில் தண்டு வெள்ளையாகத் தெரியும். முதல் இருபது இலை வரை ஒவ்வொன்றாக ஒடித்தேன். பிறகு வெயில் ஏறிவிட்டது; குச்சியைப் பிடித்து, வேப்பங்குச்சியில் இலை உருவுகிற மாதிரி ஒரே இழுப்பு. ஒரு மணி நேரத்தில், 25 கிலோ அரிசிப் பை ஒன்று இலையால் நிறைந்தது. பாதியாய் அறுத்த நீல டிரம்மில் இப்போது நின்றது தென்னை விளக்குமாறு, மொட்டு வைத்த விளக்குமாறு. பெருமை தாங்காமல் அதைப் படமெடுத்து, கனடாப் படத்தையும் பக்கத்தில் வைத்து, 'நவீன முறையில் பூ பெருக்கம்' என்று தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்.

பத்தாவது நிமிஷம் அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு ஏட்டையா. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆனாலும் வாசற்படியில் இன்னும் கால் அகட்டித்தான் நிற்பார்.

"சாரு, அந்த ரெண்டாவது படம் என்னா செடி?"

"ஆமணக்கு வகை."

"கஞ்சா."

என் கையில் அரிசிப் பை இருந்தது. ஏட்டையா அதையே பார்த்தார். பிறகு பையில் கை விட்டு அளைந்து, மோந்து பார்த்து, ஏமாந்து போனார். அந்தத் துக்கத்தில் எனக்கு 1985-ஆம் வருஷச் சட்டத்தைப் பாடம் எடுத்தார். நம் நாட்டில் அந்தச் செடியை வளர்த்தாலே பத்து வருஷம் வரை உள்ளே போகலாம். ஒரு கிலோ வரை சிறிய அளவு. இருபதைத் தாண்டினால் வியாபார அளவு. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து சட்டமே விட்டுவிட்டது, பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்று நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆனா ஒண்ணு சாரு. நம்ம சட்டத்துல கஞ்சான்னா பூவும் காயும் உள்ள நுனிதான். நுனி கூட இல்லாம வெறும் எலை மட்டும் இருந்தா அது கஞ்சாக் கணக்குல வராது."

"என்கிட்ட வெறும் இலைதான் ஏட்டையா."

செடியை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, உங்ககிட்ட இனிமே பூ கெடைக்காது. கேஸே நிக்காது."

ஏட்டையா வாக்கு பலித்தது. நாலாம் நாள் மொட்டுகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தப்பிப் பிழைத்து விரிந்தவை மூக்குத்தி அளவு. காரணம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது: வெயிலை வைத்து மாவு சமைப்பது இலை, அதை உட்கார்ந்து சாப்பிடுவது மொட்டு. பந்தியில் இலை போட்ட பிறகு சமையல்காரரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். நிலவறைக்காரருக்கு வெளிச்சத்தில் பஞ்சம். இலை அடர்ந்தால் பூசணமும் பிடிக்கும். அதனால் அவர் உருவுகிறார். அங்கேகூட உருவு, உருவாதே என்று இரண்டு கட்சி உண்டு என்பதைக் கிளம்புகிற அன்றுதான் சொன்னார். திருவண்ணாமலையில் பங்குனி வெயிலுக்கா பஞ்சம்? ராத்திரி பத்து மணிக்கும் மலைப் பாறை அனல் விடுகிற ஊர் இது.

மலைக் குரங்குகள் வழக்கம்போல் வந்தன. டிரம்மைச் சுற்றிப் பார்த்தன. ஏற்கெனவே நம் ஆள் யாரோ வந்து போயிருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும், தொடாமல் போய்விட்டன.

மனைவி வேலூரிலிருந்து வந்து மாடியேறினாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் தலையை ஒரு தரம், செடியை ஒரு தரம் பார்த்தாள். "இங்க இலை கொட்டி இருபது வருஷமாச்சே, ஏதாவது பூத்துச்சா?" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது எச்சம்மாள் கதை வந்தது. ரமணருக்கு வருஷக்கணக்காகச் சோறு கொண்டுவந்து கொடுத்த எச்சம்மாள்தான். லட்சம் இலையால் அர்ச்சனை செய்வதாக வேண்டிக்கொண்டு பாதி எண்ணிக்கை முடித்திருக்கிறார். கோடையில் இலை கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று ரமணரிடமே வந்து கேட்டார். இலை இல்லாவிட்டால் உன் உடம்பைக் கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை பண்ணேன் என்றாராம் அவர். வலிக்காதா என்றதற்கு, இலையைக் கிள்ளினால் மரத்துக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்டாராம். சூரி நாகம்மா கடிதங்களில் இருக்கிறது.

"ஆசிரமத்துக்குப் பக்கத்துல முப்பது வருஷமா இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள்.

அதன் பிறகு செடிப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. காய்ந்த நுனிகளை அவளே நறுக்கினாள், ஆட்டுப் புழுக்கை போட்டாள், அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினாள். சித்திரையில் கணுவுக்கு இரண்டாகச் செம்பச்சைத் துளிர் வெடித்தது. மல்லி பூப்பதே புதுத் துளிரில்தான்; கார்த்திகையில் வெட்டியிருந்தால் மாசியிலேயே வந்திருக்க வேண்டிய துளிர். வைகாசியில் மொட்டு. சாயங்காலம் ஏறினால் ஒரு கிண்ணம் நிறையப் பறிக்கலாம்.

ஏட்டையா வீட்டம்மா பூ வாங்க வந்தார். "எப்படிங்க இவ்வளவு பூக்குது? என்னா பண்ணீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன். "ஒண்ணுமில்லம்மா, மாசியில ஒரு தரம் இலையெல்லாம் உருவி…"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி என் முழங்கைக்கு மேல் சதையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வலிக்கத்தான் வலிக்கிறது. இன்னும் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாக்கி.