நல்ல சூடா ஒரு லாட்டே

மெல்பர்ன் காபிக் கடைகளில் சொல்லக்கூடாத ஒன்று உண்டு: "நல்ல சூடா." சொல்லிப் பாருங்கள். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் புளியோதரைக்கு வெங்காயம் கேட்டதுபோல் பரிஸ்டாவின் முகம் மாறும்.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பால் 60, 65 டிகிரியில் நின்றால்தான் தித்திப்பு தெரியும், நுரை பட்டுப்போல் இருக்கும். 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்துவிடும். போதாக்குறைக்கு லாட்டே வருவது பிடியில்லாத கண்ணாடி டம்ளரில்.

இதை மாயவரத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு யார் சொல்வது? கொதிக்கக் கொதிக்க வாங்கி, ஆற்றுகிற வேலையை நாம் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த வேலையையும் கடைக்காரனே பார்த்துவிட்டால் குடிக்கிறவனுக்கு என்ன மரியாதை?

இந்த ஊரின் காபி கர்வம் சும்மா வந்ததல்ல. ஜேம்ஸ் மன்றோ என்ற மதுவிலக்குப் பிரமுகர் 1886-இல் பெரிய ஹோட்டல் ஒன்றை வாங்கி 'கிராண்ட் காபி பேலஸ்' ஆக்கினார். நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே மது திரும்பிவிட்டது. இன்றைய விண்ட்சர் ஹோட்டல் அதுதான். ஆனால் 1916 முதல் 1966 வரை மாலை 6 மணிக்கே மதுக்கடைகளை மூடவைத்தது சட்டம். பொழுது சாய்ந்தபின் போக்கிடமில்லாத ஊருக்கு இத்தாலியர்கள் எஸ்பிரெஸோவைக் கொண்டுவந்தார்கள். 1954-இல் போர்க் தெருவில் திறந்த பெலக்ரினீஸ் இன்றும் நடக்கிறது. 2000-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஸ்டார்பக்ஸோ, 2008-இல் நாடு முழுக்க இருந்த 84 கடைகளில் 61-ஐ மூடியது. மெல்பர்னில் யாரும் துக்கம் விசாரிக்கப் போனதாகத் தெரியவில்லை.

இங்கே 'மேஜிக்' என்றே ஒரு காபி உண்டு: இரட்டை ரிஸ்ட்ரெட்டோ, முக்கால் கோப்பைக்குப் பால். பல கடைகளில் பலகையில் எழுதியிருக்காது. தெரிந்தவன் கேட்டு வாங்கிக்கொள்வான். குழந்தைகளுக்கு பேபிச்சினோ, அதாவது காபியே இல்லாத பால்நுரை. எங்கள் ஊர் டீ மாஸ்டர் இலவசமாகப் போடுகிற நுரைக்கு இங்கே தனிப் பெயரும் பல கடைகளில் தனி விலையும்.

சித்தப்பாவை ஒரு சந்துக்கடைக்கு அழைத்துப்போனேன். லாட்டே வந்தது. மேலே வெள்ளை நுரையில் அழகாக ஒரு இலை.

"இலை போட்டுட்டான். சோறு எங்கடா?"

"அது அலங்காரம், சித்தப்பா."

டம்ளரைத் தொட்டார். "தொண்ணூறு டிகிரித் தண்ணியை விட்டு அழுத்துற மெஷின்னு சொன்னியே. ஆறிப்போனதைக் குடுக்கவா அவ்ளோ பெரிய மெஷின்?"

நான் தடுப்பதற்குள் கவுன்ட்டருக்குப் போய்விட்டார். ஆங்கிலம் பாதி, கை ஜாடை பாதி. பரிஸ்டா வேறொரு குவளையில் பாலை ஊற்றி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நீராவியைத் திறந்துவிட்டார். இம்முறை இலை போடவில்லை.

புதிய டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிப் பிடித்து, ஊதி ஊதிக் குடித்தார் சித்தப்பா. "இதைத்தான் முதல்லயே குடுத்திருக்கணும்."

நான் காசு கொடுக்கப் போனபோது பரிஸ்டா குரலைத் தாழ்த்தி, நாளைக்கும் அவர் வருவாரா என்று கேட்டார்.

விசா மூன்று மாதம் என்றேன்.