நடிப்பில்லை, எரிச்சல்தான்!

கேள்வி: என் பேரன் பத்து நிமிடம் வெயிலில் நின்றாலே கை எரிகிறதென்று அழுகிறான். தோலில் ஒரு தடமும் இல்லை. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மட்டம் போடுகிற பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தில் எரியாதே அம்மா! அவனை நம்புங்கள்.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ‘ஹீம்’ என்ற பொருளை உடம்பு எட்டுப் படிகளில் சமைக்கிறது. ஒரு படியில் நொதி குறைந்தால், அரைவேக்காடான போர்ஃபிரின்கள் தோலில் தேங்கும். வெளிச்சம் பட்டதும் எரியும். பரம்பரையாக வரும் இந்த அரிய கோளாறுதான் போர்ஃபிரியா. ஒரு வகையில் தடமில்லாமல் எரியும். இன்னொன்றில் கொப்புளம் வரும், சிறுநீர் சிவக்கும். சில வகைகள் தாய், தந்தை இருவர் வழியாகவும் குறை வந்தால்தான் தோன்றும்; சொந்தத்தில் மணம் முடித்தால் அதற்கு வாய்ப்பு கூடும்.

வினை செய்வது 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளி. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுக்காது. சாதாரண சன்ஸ்கிரீனும் போதாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை உதவும்.

எல்லா வெயில் எரிச்சலும் போர்ஃபிரியா அல்ல. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அந்த ரத்தத்தைக்கூட வெளிச்சம் படாமல் மூடித்தான் அனுப்ப வேண்டும்! 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் உங்கள் ஊரிலேயே, கோரிமேட்டில் இருக்கிறது. தோல் பிரிவில் காட்டுங்கள். அதுவரை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை மர நிழலில் நிற்கவிடும்படி ஆசிரியரிடம் நாளைக்கே சொல்லுங்கள்.