ஜீரண ரத பரீட்சை: மங்களூரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மங்களூர் என்றதும் கன்னடக் கடற்கரையை நினைந்துகொள்ளும் வாசகர்களுக்கு, இவ்வாராய்ச்சியின் களம் விருத்தாசலத்துக்கு மேற்கே மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற கடலூர் மாவட்டத்து மங்களூரே என்பதை முதற்கண் விண்ணப்பித்துக்கொண்டு, பழைய சொந்தக் கார்களுக்குச் சர்க்கார் விதித்துள்ள பரீட்சையின் ஸ்வரூபம் யாது என்ற விசாரணையில் பிரவேசிக்கிறோம்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும்; பிறகு, ஜனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்தி, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வருஷந்தோறும் பரீட்சை என்பது எட்டு வயது கடந்த வாடகை வண்டிகளின் தலைவிதி. புகைச் சான்றிதழோ பழைய தரத்துக் கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று; ஆகவே மூச்சைப் பத்து முறை சோதித்தபின் உடம்பை ஒரு முறை பார்ப்பதே நம் தேசத்து வைத்திய முறை. பிரிட்டனில் 1960இல் பத்து வயதுக் கார்களுக்கென்று ஏற்பட்ட வருஷாந்தரப் பரீட்சை, மறு வருஷமே ஏழு வயதுக்கும் 1967இல் மூன்று வயதுக்கும் இறங்கிவிட்டது. அங்கே பால்யத்திலேயே சந்தேகம்.

ஐந்து ஏன்? விருத்தாசலத்து விருத்தகிரீசுவரர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேரும் ஐந்து. சட்டம் வரைந்த டில்லி அதிகாரிகள் இவ்வூர்த் தரிசனத்தை முடித்துக்கொண்டே பேனாவை எடுத்தனர் என்று துணியலாம். மறுத்துச் சாட்சி சொல்வார் இதுவரை முன்வரவில்லை.

இதனினும் வலிய பிரமாணம் பெரிய புராணத்தில் உளது. இத்தலத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த சுந்தரர், முன்யோசனையாக வெட்டி வைத்திருந்த மச்சம் என்னும் மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு மாற்றுக் குறைவதைக் கண்டுகொண்டாரல்லவா? இன்று சேஸிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு, அம்மச்சத்தின் நேர்ச் சந்ததியென்பது எமது துணிபு. வேதாந்திகள் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது யாதெனில், டயர், பாட்டரி, ஹாரன், வைப்பர் முதலிய அநித்திய வஸ்துக்கள் பரீட்சைக்கு முந்திய வாரம் மைத்துனர், பங்காளி ஆகியோரின் வண்டிகளிலிருந்து வந்து குடிபுகுந்து, சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே விடைபெற்றுக்கொள்ள, சேஸிஸ் நம்பர் ஒன்றே ஆத்மாவைப் போல் சலனமற்று நிற்கிறது என்பதே. ஆதலால் பிரேக் இன்ஸ்பெக்டர் காண்பது பழைய காரை அன்று. அந்த ஒரு தினத்துக்கென்று அவதரித்த மூர்த்தியை.

புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600இலிருந்து ரூ. 5,000 ஆயிற்று, 20 வயது கடந்த காருக்கு 2025இல் ரூ. 10,000. ஏறும் கட்டணமும் இறங்கும் விலையும் சந்திக்கும் புள்ளியைக் கணித சாஸ்திரிகள் நிர்ணயிக்குமுன், பழைய இரும்பு வியாபாரி காரை ஒரு முறை வலம் வந்து, தொகையைச் சொல்லிவிட்டு, எந்தச் சர்க்கார்ப் படிவத்திலும் இல்லாத ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “டயர் நாலும் நம்மளுதுதானா, சார்?”