கேட்காமல் வரும் தண்ணீர்

1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்களை 1954 வரை உட்கார வைத்திருந்த ஊர் காரைக்கால். கோயம்புத்தூர் மாமாவை ஒரு வாரம் வைத்துக்கொள்வது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பார்க்கவா வருகிறார்கள்? திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, மிச்சப் பொழுதுக்கு வருகிறார்கள். விவரமான மாப்பிள்ளைகள் யூனியன் பிரதேசத்துக்கே உரிய மலிவு விலைச் சரக்கைத் தேடி நழுவிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அரசலாற்றுப் படகு.

ஆற்றில் ஏறி, கடல் முகத்துவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும். அத்தைக்கு மனசே இல்லை. "காத்தாலதான் சனியத் தொலைச்சுட்டு வந்தோம். பொழுதோட தண்ணில கண்டம்னா என்ன கண்ணு பண்றது?"

மாமாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுவது தனிப் படலம். வார் இந்தப் பக்கம், கொக்கி அந்தப் பக்கம், நடுவில் மாமா. "மூச்ச இழுத்துப் புடிங்க சார்" என்று படகுக்காரர் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்துப் பூட்டினார். அப்புறம் கொஞ்ச நேரம் மாமாவால் பேச முடியவில்லை. படகுச் சவாரியில் இது ஒன்றுதான் உருப்படி என்பது அத்தையின் கட்சி.

பேச்சு திரும்பியதும் 'பொன்னியின் செல்வன்' வந்துவிட்டது. உயிரில்லாத முதலை மீது வந்தியத்தேவன் வேலெறிந்து, குந்தவை முன்னால் அசடு வழிந்தது இதே ஆற்றின் கரையில்தான். அது நடந்தது குடந்தைப் பக்கம் என்று சொல்லியும் கேட்காமல் மாமா தண்ணீரை முறைத்துக்கொண்டே வந்தார். "முதலைல்லாம் கிடையாது சார், மடவை இருக்கு" என்றார் படகுக்காரர். சொல்லி வைத்தாற்போல் ஒரு மடவை துள்ளியது. மாமா வேலுக்குப் பதில் செல்போனை எடுப்பதற்குள் அது போயே போய்விட்டது.

"எப்படியும் காவிரித் தீர்த்தம்" என்று பக்தியோடு ஒரு கை அள்ளி வாயில் விட்டவர், அதே வேகத்தில் துப்பினார். ஒரே உப்பு.

"ஏத்தம் சார். கடத்தண்ணி உள்ள வருது."

கடைமடைக்காரனைக் கேட்டால்தான் இதன் அருமை தெரியும். புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007-இல் எழுதியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதில் கை வைக்கவில்லை. ஆனாலும் மேட்டூர் திறந்து, வழியில் இருக்கிற ஊரெல்லாம் குடித்து முடித்து, எங்கள் வாய்க்காலுக்கு அது வந்தால்தான் வந்தது. கடல் அப்படியில்லை. வழக்கு வேண்டாம், வாய்தா வேண்டாம். நாளுக்கு இரண்டு வேளை தானாகவே ஆற்றுக்குள் ஏறி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அதை வைத்து ஒரு குழி நாற்றங்காலுக்குக்கூடப் பாய்ச்ச முடியாது என்பது வேறு விஷயம்.

மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டியதும் அலைச் சத்தம் கேட்டது. "உள்ள ஒரு ரவுண்டு போலாமே!" என்று மாமா வீரம் பேசி வாய் மூடுவதற்குள், முதல் அலை படகைத் தூக்கிப் போட்டது. "தம்பி, திருப்புங்க!" என்று முதலில் கத்தியது அத்தை அல்ல.

நீங்களும் வாருங்கள். வெயில் தாழ வாருங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை என்றால் மட்டும் கிளம்புமுன் செய்தியைப் பாருங்கள். காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.